கண்ணில் குறை: விதியா? மதியா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கிற தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டிலே டி.வி.க்கு ரொம்பப் பக்கத்திலே உட்கார்ந்திருக்கிற குழந்தைச் செல்வங்களே, எல்லாருக்கும் என் பணிவான வணக்கம். (சிரிப்பு)

சிரிக்காதீங்க. டி.வி.க்குப் பக்கத்திலே போகிற பிள்ளையை நாம் என்ன சொல்கிறோம்? "தள்ளி உட்காருடா, கண்ணு கெட்டுப்போயிடும்." பல வீட்டிலே நடப்பது தலைகீழ். பக்கத்திலே உட்கார்ந்ததால் கண் தெரியாமல் போகவில்லை. கண் தெரியாததால்தான் அது பக்கத்திலே போய் உட்காருது. பாவம், அதுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. உலகமே இப்படி மங்கலாத்தான் இருக்கும்னு அது நினைச்சுக்கிட்டிருக்கு.

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். "அப்பனுக்குச் சோடாபுட்டி, பிள்ளைக்குச் சோடாபுட்டி. இது ரத்தத்திலே வர்றது. கண்ணாடி ஏறினா ஏறினதுதான். பவர் ஏறுமே தவிர இறங்காது. இதுக்குப் பேரு விதி இல்லாம வேறென்ன?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கிட்டார். ஆனால் நடுவர் அவர்களே, அவர் அதை ஒரு சீட்டைப் பார்த்துப் படித்தார். படிக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்தார்? சட்டைப் பையிலேயிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டார். விதி விதின்னு பேசுறதுக்கே அவருக்கு மதி தேவைப்பட்டது! (பலத்த கைதட்டல்)

முதலிலே இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடறேன். கிட்டப்பார்வைன்னா கிட்டத்திலே தெரியாதுன்னு பாதிப்பேர் நினைக்கிறாங்க. இல்லை. கிட்டத்திலே தெரியும், தூரத்திலே தெரியாது. தூரப்பார்வைன்னா தூரத்திலே ஓரளவு தெரியும், கிட்டத்திலே சிரமம். நம்ம முன்னோர் ரொம்ப நல்ல மனசுக்காரங்க. தெரியாத பக்கத்தை வச்சுப் பேர் வைக்கலை, தெரியுற பக்கத்தை வச்சுப் பேர் வச்சாங்க.

எப்படி வருது? சினிமா கொட்டகையை நினைச்சுக்குங்க. பின்னாலே புரொஜக்டர், முன்னாலே திரை. ரெண்டுக்கும் இடையிலே தூரம் சரியா இருந்தா படம் தெளிவா விழும். கண்ணிலே முன்பக்கம் கருவிழியும் லென்ஸும்தான் புரொஜக்டர். பின்பக்கம் இருக்கிற விழித்திரைதான் திரை. கண் உருண்டை கொஞ்சம் நீளமாயிட்டா படம் திரைக்கு முன்னாடியே விழுந்துடும். அது கிட்டப்பார்வை. உருண்டை குட்டையா இருந்தா, படம் திரையைத் தாண்டிப் பின்னாலே விழப் பார்க்கும். அது தூரப்பார்வை. வயசு வந்த ஒருத்தர் கண்ணோட நீளம் சுமாரா 23, 24 மில்லிமீட்டர். அதிலே ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினா ஏறக்குறைய இரண்டரையிலிருந்து மூன்று பவர் வரைக்கும் மாறிடும். ஒரு சின்னக் கடுகு அளவு, நடுவர் அவர்களே! அந்தக் கடுகுதான் ஒருத்தனை முதல் பெஞ்சுக்குக் கொண்டுவருது.

இப்போ எதிரணிக்கு ஒரு கேள்வி. பிறந்த குழந்தையோட கண் நீளம் எவ்வளவு? 16, 17 மில்லிமீட்டர்தான். அதாவது பிறக்கிற குழந்தைகளிலே பெரும்பாலானவை தூரப்பார்வையோடுதான் பிறக்கின்றன. விதின்னு சொன்னா அதுதான் விதி! அப்படியேவா இருக்கு? இல்லையே. வளர வளர, கண் தன்னைத்தானே அளந்து, தன்னைத்தானே நீட்டி, படம் சரியா திரையிலே விழுகிற இடத்திலே வந்து நிற்கப் பார்க்குது. கோழிக்குஞ்சுகளுக்குக் குட்டிக் கண்ணாடி மாட்டிப் பார்த்திருக்காங்க. போட்ட கண்ணாடிக்குத் தக்கபடி அந்தக் கண் வளருது. டோர்ஸ்டன் வீசல், எலியோ ரவியோலான்னு ரெண்டு அறிஞர்கள் 1977-லே குட்டிக் குரங்குகளோட இமையைத் தைத்து மூடி வச்சுப் பார்த்தாங்க. தெளிவான படம் கிடைக்காத அந்தக் கண் அளவுக்கு மீறி நீண்டு போச்சு. அப்போ கண்ணோட நீளம் கருவிலேயே எழுதி முடிச்ச எழுத்தா? இல்லை. அது என்ன பார்க்குதோ அதுவும் சேர்ந்துதான் அந்த எழுத்தை எழுதுது.

"சரி அம்மா, பரம்பரை இல்லைன்னு சொல்லிடுவீங்களா?"ன்னு என் எதிரே இருக்கிற தம்பி கண்ணாலேயே கேட்கிறார். சொல்ல மாட்டேன். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் கிட்டப்பார்வை இருந்தா பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு கூடுதல்தான். அதை ஒத்துக்கறேன். ஆனா 2008-லே வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்க. சிங்கப்பூரிலேயும் ஆஸ்திரேலியாவிலே சிட்னியிலேயும் இருக்கிற சீன வம்சாவளிக் குழந்தைகள், 6, 7 வயசு. பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருப்பது ரெண்டு ஊரிலேயும் ஏறக்குறைய ஒரே மாதிரி. சிங்கப்பூரிலே 100 குழந்தைக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியிலே 100-க்கு 3 பேருக்கு! வித்தியாசம் எங்கே வந்துச்சு? சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைச்சலாப் படிச்சாங்களான்னா, அதுவும் இல்லை. ஆனா வாரத்துக்குப் பதின்மூணு மணி நேரத்துக்கு மேலே வெளியிலே திரிஞ்சாங்க. சிங்கப்பூரிலே மூணு மணி நேரம். அவ்வளவுதான்.

விதி விமானம் ஏறிச் சிட்னிக்குப் போகும்போது மனசு மாறிடுச்சா, நடுவர் அவர்களே? (சிரிப்பு, கைதட்டல்)

அதோடு விடலை. சீனாவிலே குவாங்சோ நகரத்திலே 12 பள்ளிக்கூடங்களை எடுத்துக்கிட்டாங்க. ஆறு பள்ளியிலே முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலா 40 நிமிஷம் வெளியிலே ஒரு பீரியட். மத்த ஆறு பள்ளியிலே வழக்கம் போல. மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வழக்கம் போல விட்ட பள்ளிகளிலே புதுசாக் கிட்டப்பார்வை வந்தவங்க 100-க்குச் சுமார் 40 பேர். வெளியிலே விட்ட பள்ளிகளிலே சுமார் 30 பேர். 2015-லே வெளிவந்த முடிவு இது. மாத்திரை இல்லை, மருந்து இல்லை, வெறும் வெளிச்சம்! எதிரணி உடனே, "அந்த 30 பேருக்கு வந்துச்சே"ன்னு கேட்பாங்க. வந்துச்சு. நான் மந்திரம் சொல்ல வரலை. பத்துப் பேருடைய கண்ணாடி மூணு வருஷத்துக்காவது தள்ளிப்போச்சே, அதைச் சொல்ல வந்தேன். சின்ன வயசிலே ஆரம்பிச்சாத்தான் பவர் மளமளன்னு ஏறும். தள்ளிப்போனா கடைசியிலே போய் நிற்கிற பவரும் குறைவு.

வெளிச்சத்துக்கு அப்படி என்ன சக்தி? நல்ல வெளிச்சம் படும்போது விழித்திரையிலே டோபமின் என்கிற ஒரு பொருள் சுரக்குது, அது கண் நீள்வதற்குக் கடிவாளம் போடுதுன்னுதான் ஆராய்ச்சியாளர்களிலே பலர் கருதுறாங்க. நம்ம வகுப்பறையிலே டியூப்லைட் போட்டா வருகிற வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியிலே வேப்பமர நிழலிலே நின்னாக்கூட அதைப்போலப் பல மடங்கு. அதனாலே உச்சி வெயிலிலே பிள்ளையைக் காயப்போடச் சொல்லலை. நிழலே போதும். சாயங்காலம் ஆனா டியூஷன், டியூஷன் முடிஞ்சா செல்போன், ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். பிள்ளையை அறைக்குள்ளேயே வளர்த்துட்டு, கண்ணாடி வந்ததும் தாத்தா மேலே பழியைப் போடறோம். அந்தத் தாத்தா பாவம், போட்டோவிலே மாலையோட தொங்கறார். அவராலே மறுத்துப் பேச முடியாது. (சிரிப்பு)

நான் 24 வருஷமாகக் கரும்பலகை முன்னாலே நிற்கிறவள். என்னிடம் ஒரு தாய் வந்தாங்க. பெண் ஆறாம் வகுப்பு. பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்கும். டாக்டர் மைனஸ் ஒன்றரை எழுதிக்கொடுத்தாச்சு. அந்தம்மா சொல்றாங்க: "கண்ணாடி வேண்டாம் டீச்சர். போட்டாப் பழகிடும், பவர் ஏறிடும்னு சொல்றாங்க. பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு நாலு பேரு பொண்ணு பார்க்க வருவாங்க." நான் சொன்னேன்: "அம்மா, வர்ற மாப்பிள்ளை முகம் இவளுக்குத் தெரிய வேண்டாமா?" (நீண்ட கைதட்டல்)

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பது நம்ம நாட்டிலே ரொம்ப உறுதியா வேரூன்றின நம்பிக்கை. வளர்கிற பிள்ளைக்குக் கண்ணும் வளருது, அதனாலே பவர் ஏறுது. போன தீபாவளிச் சட்டை இந்தத் தீபாவளிக்குப் பத்தலைன்னா தையல்காரரையா திட்டறோம்? பிள்ளை வளர்ந்திருக்குன்னு சந்தோஷப்படறோம். கண்ணுன்னு வந்தா மட்டும் கண்ணாடி மேலே பழி. மலேசியாவிலே வேணும்னே குறைச்சலான பவர் கொடுத்தே பார்த்தாங்க, 2002-லே வெளியான ஆய்வு. குறைச்சுக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான், முழுப் பவர் போட்டவங்களை விட வேகமா ஏறிச்சு!

இப்போ சொல்லப்போறதுக்கு யாரும் கைதட்ட வேண்டாம்.

என் பள்ளிக்கு ஒரு கண் பரிசோதனை முகாம் வந்தது. ரெண்டாம் வகுப்புப் பையன், ஏழு வயசு. துறுதுறுன்னு இருப்பான், பந்தைத் தவறவிட மாட்டான். அவன் வலது கண்ணை மூடச் சொல்லி இடது கண்ணாலே படிக்கச் சொன்னாங்க. அட்டையிலே மேலே இருக்கிற பெரிய எழுத்தே தெரியலை. ஒரு கண் சரியா இருந்தது, இன்னொரு கண்ணிலே பலமான தூரப்பார்வை. நல்ல கண்ணே எல்லா வேலையும் பார்த்ததாலே வீட்டிலே யாருக்கும் தெரியலை. இதுக்கு டாக்டர்கள் சோம்பேறிக் கண்ணுன்னு பேர் சொல்றாங்க. சோம்பேறி கண் இல்லை, மூளை. ஒரு கண்ணிலேயிருந்து மங்கலான படமே வந்துக்கிட்டிருந்தா மூளை "எனக்கு உன் படம் வேண்டாம்"னு அந்த வழியை ஒதுக்கிடும். சின்ன வயசிலே கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வச்சு, சோம்பேறிக்கு வேலை கொடுத்தா மூளை மறுபடி ஏத்துக்கும்.

அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எங்க குடும்பத்திலே இது இருக்கு டீச்சர். இவன் அக்காவுக்கும் ஒரு கண்ணு சரியாத் தெரியாது. பிறப்பு அப்படி." பையனுக்குக் கண்ணாடி போட்டாங்க, கண்ணை ஒட்டினாங்க, அவன் அழுதான், பிய்ச்சான், அவங்கம்மா மறுபடி ஒட்டினாங்க. ஒரு வருஷத்திலே அட்டையிலே கீழ்வரிசை பக்கம் வந்துட்டான். அப்புறம்தான் அக்காவையும் கூட்டிப்போனாங்க. அவளுக்கு வயசு பதினாறு. அதே குறை, அதே கண். டாக்டர் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். ஆனா "ஏழு வயசிலே வந்திருந்தா நிறையச் செய்திருக்கலாம், இனி முழுசா வராது"ன்னு சொல்லிட்டார். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ரத்தம். தம்பிக்குத் திறந்த கதவு அக்காவுக்கு மூடிப்போச்சு. ஒன்பது வருஷம், நடுவர் அவர்களே. "பிறப்பு அப்படி"ன்னு ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு ஒன்பது வருஷத்தைக் கழிச்சாங்க. எதிரணியிலே விதி விதின்னு சொல்றவங்க அந்தப் பெண் முன்னாலே நின்னு சொல்லட்டும்.

(சிறிது நேர அமைதி)

வயசானவங்க பக்கம் வர்றேன். நாற்பதைத் தாண்டினா வெள்ளெழுத்து. பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடிப்போம், கடைசியிலே கை நீளம் பத்தாது. ஊசியிலே நூல் கோர்க்கப் பேத்தியைக் கூப்பிடணும். இது கண் உருண்டையோட நீளத்தாலே வர்றதில்லை. உள்ளே இருக்கிற லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்துப் பொருளுக்குத் தக்கபடி வளைய முடியாமப் போகுது. இது எல்லாருக்கும் வரும். எதிரணிக்கு இந்த ஒரு மதிப்பெண்ணை நானே தானமாத் தர்றேன். ஆனா வந்ததை என்ன செய்யறோம் என்பதுதானே கேள்வி? அசாமிலே தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து கிள்ளுகிற, நாற்பது வயசைத் தாண்டின தொழிலாளிகள் 751 பேரை வச்சு ஓர் ஆராய்ச்சி, 2018-லே வெளிவந்தது. பாதிப்பேருக்குச் சாதாரணமான கிட்டப்பார்க்கும் கண்ணாடி கொடுத்தாங்க. மத்தவங்களுக்கு ஆராய்ச்சி முடிஞ்சப்புறம் கொடுத்தாங்க. கண்ணாடி போட்டவங்க கிள்ளின கொழுந்து, போடாதவங்களை விடச் சுமார் 22 சதவீதம் கூடுதலா உயர்ந்தது. கிள்ளுகிற எடைக்குத்தானே கூலி? கண்ணாடின்னா படிச்சவங்களுக்குத்தான்னு ஒரு நினைப்பு நமக்கு. அரிசியிலே கல் பொறுக்குகிறவளுக்கும், பூக் கட்டுகிறவளுக்கும், தையல் மெஷின் மிதிக்கிறவருக்கும் அது சோத்துக்கு வழி.

எதிரணிச் சகோதரி சொன்னாங்க, "எங்க பாட்டி எழுபத்தஞ்சு வயசிலே கண்ணாடி இல்லாமப் பேப்பர் படிச்சாங்க, முருங்கைக்கீரைதான் காரணம்"னு. முருங்கைக்கீரைக்கு நான் எதிரி இல்லை. வைட்டமின் ஏ சத்து உண்டு, குறைஞ்சா மாலைக்கண் வரும். ஆனா கீரை கண்ணோட நீளத்தைக் குறைக்காது. பாட்டி படிச்சதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, அவங்களுக்கு இளமையிலேயே லேசாக் கிட்டப்பார்வை இருந்திருக்கும், யாரும் பார்க்கலை. இன்னொண்ணு, புரை விழ ஆரம்பிச்சு லென்ஸ் கெட்டிப்பட்டா, சில பேருக்குக் கொஞ்ச காலம் கிட்டத்திலே திடீர்னு நல்லாத் தெரியும். பாட்டிக்குக் கண் திரும்பி வந்துடுச்சுன்னு வீடே கொண்டாடும். உண்மையிலே அது டாக்டர்கிட்டே போகச் சொல்லி வந்த கடுதாசி. அதே மாதிரி சர்க்கரை ஏறி இறங்கினாலும் பவர் மாறும். சர்க்கரை கட்டுக்குள்ளே வராம புதுக் கண்ணாடி வாங்கினா, ஒரு மாசத்திலே அது அலமாரிக்குப் போயிடும். பணம் தண்டம்.

பயிற்சி செய்தால் கண்ணாடியைத் தூக்கி எறியலாம்னு 1920-லேயே அமெரிக்காவிலே வில்லியம் பேட்ஸ் என்கிற டாக்டர் புத்தகம் எழுதினார். நூறு வருஷம் தாண்டியாச்சு. அந்தப் பயிற்சியாலே நீண்ட கண் குட்டையானதா நிரூபணம் இல்லை. மதின்னா வாய்க்கு வந்ததை நம்புறது இல்லை, அளந்து பார்க்கிறது.

அளந்து பார்த்து வந்த மதிக்கு ஒரு உதாரணம். நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்திலே 1950-லே முதுகலை முடிச்ச ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவிலே ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்திலே வேலை பார்த்தார். 1981 நவம்பர் மாதம், பண்டிகை விருந்திலே மிஞ்சின வான்கோழித் துண்டை ஆய்வுக் கூடத்துக்குக் கொண்டுபோய் எக்ஸைமர் லேசரை அடிச்சுப் பார்த்தார். சுத்தி ஒரு இடமும் கருகாம, வெட்டின இடம் மட்டும் சுத்தமா வெட்டுப்பட்டது. இன்றைக்கு லேசராலே கருவிழியைச் சீவிப் பவரைத் திருத்தறாங்களே, அதுக்கு வேர் அந்த மிச்சக் கறிதான்! நம்ம வீட்டிலே மிஞ்சினா மறுநாள் சுட வைப்போம், அவர் லேசர் வச்சார். (சிரிப்பு)

ஆனா கல்யாணத்துக்கு நாள் குறிச்சுட்டு லேசருக்கு ஓடறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பவர் ஏறுவது நின்ன பிறகுதான் அது. கருவிழி போதுமான தடிமன் இருக்கான்னு பார்க்கணும். லேசர் முன்பக்கத்தைத்தான் திருத்தும். நீண்டுபோன உருண்டை நீண்டதுதான். மைனஸ் அதிகமா இருந்தவங்களுக்கு விழித்திரை பிரிகிற அபாயம் லேசருக்கு அப்புறமும் உண்டு. கண்ணாடி போச்சேன்னு டாக்டரை மறந்துடக் கூடாது. பிள்ளைகளுக்குப் பவர் வேகமா ஏறினா, அதை மெதுவாக்க மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து வந்திருக்கு. அதுவும் டாக்டர் எழுதித்தான் போடணும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போட்டாங்கன்னு வாங்கிப் போடக் கூடாது.

நடுவர் மணியைத் தேடறார். ஐயா, உங்க இடது கைப் பக்கம்தான் இருக்கு. (பலத்த சிரிப்பு) இன்னும் ஒரே நிமிஷம்.

"வசதி இருக்கிறவங்களுக்கு மதி, இல்லாதவங்களுக்கு விதிதானே"ன்னு எதிரணியிலே கடைசியா ஒரு அம்பு விட்டாங்க. நம்ம நாட்டிலே 1976-லே தொடங்கின தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்திலே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் உண்டு. அதே 1976-லே மதுரையிலே டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சது அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கொடுக்க முடியாதவங்களுக்கும் அங்கே வைத்தியம் உண்டு. முகாம் வருது, பள்ளிக்கே வருது. அன்னைக்குப் பிள்ளையை லீவு போட வைக்காம அனுப்பினாப் போதும்.

இந்த நிகழ்ச்சியை வீட்டிலே பார்க்கிறவங்க, சுவரிலே மாட்டியிருக்கிற தினசரி காலண்டர் முன்னாலே, பத்தடி தள்ளிப் பிள்ளையை நிறுத்துங்க. முதலிலே வலது கண்ணை மூடித் தேதியைப் படிக்கச் சொல்லுங்க. அப்புறம் இடது கண்ணை மூடி. விரல் இடுக்கிலே பார்க்க விடாதீங்க, உள்ளங்கையாலே மூடணும். ரெண்டு கண்ணுக்கும் வித்தியாசம் சொன்னான்னா, நாளைக்குப் பள்ளிக்கு முன்னாலே டாக்டர் வீடு.